எக்ஸ் போடக் கூடாது

“அப்பா, எக்ஸ் போடக் கூடாது. மாடல் வரைய வேண்டும்.”

தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகள் இப்படிச் சொல்லிவிட்டு என் கையிலிருந்த பென்சிலை வாங்கிக்கொண்டாள். பொறியியல் பட்டத்தை நம்பிச் சிங்கப்பூருக்கு வந்தவனுக்குச் சுருக்கென்றுதான் இருந்தது.

கணக்கு இதுதான்: மெய் லிங்கிடம் இருப்பதைப்போல் 3 மடங்கு ஸ்டிக்கர்கள் முரளியிடம் இருக்கின்றன, இருவரிடமும் சேர்த்து 48. முரளியிடம் எத்தனை? மெய் லிங்கிடம் இருப்பதை எக்ஸ் என்று வைத்து நான் இரண்டே வரியில் முடித்திருந்தேன். அவளோ ஸ்கேலை வைத்து மெய் லிங்குக்கு ஒரு கட்டமும், அதன் கீழே முரளிக்கு ஒட்டி ஒட்டி மூன்று கட்டங்களும் வரைந்தாள். பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு 48 என்று எழுதினாள். நான்கு யூனிட் 48 என்றால் ஒரு யூனிட் 12, முரளிக்கு 36. ஒவ்வொரு படிக்கும் ஏன் என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த வயதில் நான் எந்தக் கணக்கையும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் பிரம்புதான் பதில் சொல்லியிருக்கும்.

1980களில் இங்கே உருவான முறையாம் இது. இப்போது அமெரிக்காவில்கூட ‘சிங்கப்பூர் கணக்கு’ என்று பாடநூல் விற்கிறார்கள். நல்ல முறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாய்ப்பாட்டை 10-உடன் நிறுத்திவிடுகிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டாம் வகுப்பில் 2, 3, 4, 5, 10. மூன்றாம் வகுப்பில் 6 முதல் 9 வரை. அவ்வளவுதான்!

மன்னார்குடிப் பக்கம் எங்கள் பள்ளியில் மாலை நான்கு மணிக்கு எல்லோரும் எழுந்து நின்று வாய்ப்பாட்டை ராகம் போட்டுக் கத்துவோம். “பதினாறு பதினாறு இருநூற்று ஐம்பத்தாறு” என்ற கடைசி அடி முடியும்போது பை தோளில் இருக்கும், ஒரு கால் வாசலில் இருக்கும். சிங்கப்பூரில் நாங்கள் இருக்கும் செங்காங் வட்டார வாழ்க்கை பழகிவிட்டது என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். ஆனால் அலுவலகக் கணினித் திரையில் 256 என்ற எண்ணைப் பார்த்தால் (என் தொழிலில் அதைப் பார்க்காத நாள் கிடையாது) வீட்டுக்கு ஓடத் தோன்றுகிறது. எந்த வீட்டுக்கு என்பதுதான் சிக்கல்.

அறிவியல் பாடத்தில் கொசுவின் வாழ்க்கைச் சுழற்சி நடந்த வாரம் வேறு கூத்து. டெங்கி பயமுள்ள ஊராயிற்றே. முட்டை, புழு, கூட்டுப்புழு என்று ஒப்பித்தபடி மனைவியின் துளசித் தொட்டிக்கு அடியில் இருந்த தட்டைக் கவிழ்த்துவிட்டாள். மாமியார் ஊரிலிருந்து ஆசையாக அனுப்பிய விதையில் வந்த செடி என்பதால் துளசி மட்டும் தப்பியது.

இதையெல்லாம் ஊரில் இருக்கும் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைத்துவிடலாம். ரேங்க் விஷயத்தைத்தான் முடியவில்லை. வகுப்பில் எத்தனையாவது என்ற தகவலை 2019 முதல் இங்கே மதிப்பெண் அறிக்கையில் போடுவதில்லை. முதல் இரண்டு வகுப்புகளுக்குத் தேர்வும் இல்லை.

“ரேங்க் போடாத பள்ளிக்கூடத்துக்கா அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனாய்?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தவர், மறுநாள் தெருவில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்திருக்கிறார். பேத்தி முதல் ரேங்காம். இல்லையென்று யாரும் நிரூபிக்க முடியாது.