கிற்றாருக்குள் பார்க்க எந்த மீற்றர்? வெள்ளவத்தையில் செய்து பார்த்தது

என்னிடம் இருப்பது ஸ்ட்ராட்டோகாஸ்ட்டர் வகைக் கிற்றார். மூன்று சிங்கிள் கொயில் பிக்கப் (தந்தியின் அதிர்வைப் பிடிக்கும், காந்தத்தைச் சுற்றிய செப்புக் கம்பிச் சுருள்), ஐந்து நிலைச் சுவிட்ச், ஒரு வொலியூம், இரண்டு ரோன். நடு பிக்கப் பழுதாகிவிட, வேறொன்று வாங்கி நானே சோல்டர் பண்ணினேன். தனித்தனியே வாசித்தால் மூன்றும் நன்றாகத்தான் கேட்டன. சுவிட்சை இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம், நான்காம் நிலைகளுக்குக் கொண்டுபோனால் மட்டும் சத்தம் வற்றிப்போய், தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல இருந்தது. இரைச்சலும் கூடியது. போதாததற்கு கேபிள் செருகும் ஜாக்கைத் தொட்டாலே கரகரப்பு. எங்கே பழுது என்று தேட மீற்றர், அதாவது மல்டிமீற்றர், ஒன்று வேண்டும். அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது.

வீட்டில் அப்பாவின் மஞ்சள் மீற்றர் கிடந்தது. பிளக்கில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க வாங்கியது. திரையில் அதிகபட்சம் 1999 வரைதான் காட்டும், வீச்சைக் கையால் திருப்ப வேண்டும். முதலில் அதையே எடுத்துப் பார்த்தேன். பிக்கப்பின் மின்தடைக்கு அது போதும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. சிங்கிள் கொயில் பெரும்பாலும் 5.5 முதல் 7 கிலோ ஓம், இரண்டு சுருள் சேர்ந்த ஹம்பக்கர் என்றால் 7 முதல் 9, பலமாகச் சுற்றியவை அதற்கும் மேல். எல்லாமே 20 கிலோ ஓம் வீச்சுக்குள் அடங்கும், இரண்டு தசம தானமும் தெரியும். 200 கிலோவில் வைத்துப் பார்த்தால் 6.2 என்று மட்டும் காட்டும். வீச்சு சரியாக இருந்தால் மலிவு மீற்றரும் உண்மையைச் சொல்லும்.

புதிய பிக்கப்போடு வந்த கடதாசியில் 6.0 கிலோ ஓம் என்று இருந்தது. எனக்குக் காட்டியதோ 6.27. மீற்றர் பொய் சொல்கிறதோ என்று ஒரு வாரம் மனம் கிடந்து அடித்தது. அப்புறம்தான் உயர்தரத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. செப்புக் கம்பியின் தடை ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.39 வீதம் கூடும். வெள்ளவத்தையில் மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே இருந்தாலும் 31 பாகை. குறிப்பு எழுதுகிறவர்கள் 20 பாகையையோ 25 பாகையையோதான் கணக்கில் எடுப்பார்கள். அடுத்த நாள் பிக்கப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோய், 23 பாகையில் ஏ.சி. ஓடும் அறையில் ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டு அளந்தேன். 6.08. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கொழும்பில் அளப்பவர்கள் நாலு வீதம் கூடக் காட்டினால் பயப்பட வேண்டாம்.

பொட் (வொலியூம், ரோன் குமிழுக்குக் கீழே இருக்கும், திருப்பினால் மாறும் தடை) அளக்கும்போது வேறொரு சிக்கல். 250 கிலோ ஓம் என்று போட்டிருந்த வொலியூம் பொட் 180தான் காட்டியது. இருபது வீதம் கூடக் குறைய இருப்பது வழமை, ஆனால் இது அதையும் தாண்டிவிட்டது. தூக்கி எறியப் போனவன், மீற்றர் வயரின் நுனி முள் இரண்டையும் நான் எப்படிப் பிடித்திருக்கிறேன் என்று கவனித்தேன். இரண்டு கையின் விரலும் உலோகத்தில். வியர்த்த கைதானே, என் உடம்பே பொட்டுக்குப் பக்கத்தில் சமாந்தரமாக இன்னொரு தடையாகச் சேர்ந்துவிட்டது. முதலைக் கிளிப் மாட்டி, கையை எடுத்துவிட்டுப் பார்த்தால் 231. நல்ல பொட். ஆறு கிலோ ஓம் பிக்கப்பில் இது தெரியவே தெரியாது, நூற்றுக்கணக்கான கிலோ ஓமில் ஆளையே ஏமாற்றிவிடும். மீற்றர் வாங்குகிறவர்கள் கிளிப்பையும் சேர்த்தே வாங்குங்கள். அது இல்லாமல் நான் இப்போது எதையும் அளப்பதில்லை.

மஞ்சள் மீற்றர் கைவிட்டது ஜாக்கில். அதில் பீப் இல்லை, அதாவது இரண்டு முள்ளுக்கும் இடையே தொடுப்பு இருந்தால் கத்தும் வசதி இல்லை. சுவிட்சுக்குள்ளும் ஜாக்குக்குள்ளும் தேடும்போது கண் திரையில் இருக்க முடியாது, காதால்தான் பார்க்க வேண்டும். சரி, புதிது ஒன்று வாங்குவோம் என்று சனிக்கிழமை 101 பஸ்ஸில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போனேன். கோட்டை ஸ்டேஷனுக்கு முன்னால் இறங்கி ஒல்கொட் மாவத்தையைக் கடந்தால் முதலாம் குறுக்குத் தெரு. எலக்ட்ரோனிக் சாமானுக்குக் கொழும்பில் வேறெங்கே போவது?

"என்ன வேலைக்குத் தம்பி?" என்று கேட்டார் கடைக்கார நானா.

"கிற்றார் வயரிங் பார்க்க, நானா. கரண்ட் வேலை இல்லை."

மூன்று மீற்றரை எடுத்து மேசையில் வைத்தார். பற்றரி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டேன், முகம் சுளிக்காமல் போட்டுத் தந்தார். நான் பார்த்தது ஒன்றே ஒன்று. பீப்பில் வைத்து, இரண்டு முள்ளையும் டக் டக்கென்று வேகமாகத் தட்டினேன். முதலாவது ஒவ்வொரு தட்டுக்கும் யோசித்து யோசித்துக் கத்தியது. இரண்டாவது நாலு தட்டில் இரண்டை விழுங்கியது. மூன்றாவது தட்டின கையோடு கத்தியது. "பீப் பாக்கிற வேலண்டா இதத்தான் எடுங்க, மத்தது ஸ்லோ" என்று நானாவே சொன்னார். விட்டுவிட்டு வரும் தொடுப்பைப் பிடிக்க வேண்டுமென்றால் வேகம்தான் முக்கியம், தசம தானம் இல்லை.

எடுத்தது வீச்சைத் தானே தெரிவு செய்யும் வகை. பொட்டை மெல்லத் திருப்பிக்கொண்டு பார்த்தால் இலக்கம் தடுமாறும், வீச்சு மாறி மாறித் தேடும். ஆனால் வீச்சைப் பூட்டி வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அது இல்லாத ஓட்டோ மீற்றரைப் பொட் பார்க்க நான் எடுக்க மாட்டேன். பொட்டை நடுவில் நிறுத்தி அளந்தால் பாதியளவு காட்டுவது நேர் வகை, அதைவிட மிகக் குறைவாக ஒரு பக்கம் காட்டுவது ஓடியோ வகை. வொலியூமுக்கு எனக்குப் பிடித்தது பின்னது.

கபாசிற்றர் அளக்கும் வசதியையும் பார்த்தே வாங்கினேன். ரோனுக்குப் போடுவது 22 அல்லது 47 நானோ பரட். சில மீற்றர்கள் மைக்ரோவில் மட்டும் நன்றாக அளக்கும், அவை நமக்கு உதவாது. என்னுடைய 473 (47 நானோ என்று அர்த்தம்) என்று அச்சிட்ட கபாசிற்றர் 45.8 நானோ காட்டியது. கபாசிற்றரின் இரண்டு காலில் ஒன்றையாவது கழற்றிவிட்டுத்தான் அளக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து கேபிளை ஜாக்கில் செருகி, மறுமுனையில் கிளிப்பை மாட்டினேன். அம்ப்பில் கேபிள் இல்லை என்பதை இரண்டு தரம் பார்த்துக்கொண்டேன். பிரிட்ஜிலிருந்து ஜாக்கின் வெளி உடம்புக்குப் பீப் உண்டு, எர்த் சரி. ஜாக்கை அசைத்தால் பீப் அறுந்து அறுந்து வந்தது. ஓமில் பார்த்தால் 0.3 இருக்கும், திடீரென்று 40க்குப் பாயும். 40 ஓமிலும் அது பீப் என்றுதான் கத்துகிறது. ஆகவே பீப்பை மட்டும் நம்பாமல் இலக்கத்தையும் பார்க்க வேண்டும். கடற்கரைக்கு நூறு மீற்றரில் வீடு, உப்புக்காற்றில் ஜாக்கின் நாக்கு பச்சை பிடித்திருந்தது. சுரண்டித் துடைத்தேன், நின்றது.

தகர டப்பாச் சத்தம் மட்டும் மிச்சம். ஜாக்கிலிருந்து வொலியூம் முழுதாகத் திறந்த நிலையில் நடு பிக்கப் 6.10. பொட்டின் 231 சமாந்தரமாகச் சேர்வதால் அவ்வளவு குறையும், கணக்கு ஒத்தது. இரண்டாம் நிலையில் இரண்டு பிக்கப் சமாந்தரமாக 3க்குச் சற்று மேல். அதுவும் ஒத்தது. எல்லா எண்ணும் சரி, காதுக்குப் பிழை. ஓம் எத்தனை தரம் பார்த்தாலும் பிக்கப்பின் வயர் நேராகவா தலைகீழாகவா இருக்கிறது என்று சொல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது.

அதற்கு மாமாவின் பழைய முள் மீற்றர் கைகொடுத்தது. ரேடியோ திருத்துகிறவர்கள் வைத்திருக்கும் சன்வா கம்பனி மீற்றர். மிகச் சிறிய டீசி வீச்சில் வைத்து, பிக்கப் வயர் இரண்டிலும் கிளிப்பை மாட்டி, ஸ்குரூட்றைவரை மெல்லக் காந்தத்தின்மேல் ஒட்ட வைத்து வெடுக்கென்று இழுத்தேன். கழுத்துப் பக்கப் பிக்கப்பில் மீற்றரின் முள் ஒரு மயிரிழை வலப்பக்கம் துடித்தது. பிரிட்ஜ் பிக்கப்பும் வலம். நடு பிக்கப்? இடம். மூன்று தரம் இழுத்தேன், மூன்று தரமும் இடம். டிஜிற்றலிலும் மில்லிவோல்ட்டில் கழித்தல் குறி பார்த்துக் கண்டுபிடிக்கலாம்தான், ஆனால் அது நொடிக்கு இரண்டு மூன்று தரமே பார்ப்பதால் அந்தத் துடிப்பைப் பல தரம் தவற விட்டுவிட்டது. வயர் நிறம் கம்பனிக்குக் கம்பனி மாறும். நான் பழைய பிக்கப்பின் நிறத்தை நம்பி வைத்துவிட்டேன்.

நடு பிக்கப்பின் இரண்டு வயரையும் இடம் மாற்றினேன். பிளாஸ்டிக் மூடி என்பதால் பயமில்லை. உலோக மூடி பிக்கப்பின் ஒரு வயரோடு இணைந்திருந்தால் இப்படி மாற்றக்கூடாது, மூடியே இரைச்சலை இழுக்கும். வால்வு போட்ட ரியூப் அம்ப்பை மட்டும் எந்த மீற்றரோடும் நான் திறப்பதில்லை. பிளக்கை இழுத்த பிறகும் உள்ளே நானூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.

நேற்றிரவு சத்தத்தைக் குறைத்து வைத்து இரண்டாம் நிலையில் வாசித்தேன். மணி மாதிரிச் சத்தம். நடு பிக்கப்பின் காந்தமும் சுற்றும் மற்றவற்றுக்கு எதிராக இருப்பதால் முன்பு கூடிக்கொண்டிருந்த 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் அந்த நிலையில் இப்போது அடங்கிவிட்டது. முன் தகட்டின் பதினொரு ஸ்குரூவையும் பூட்டிவிட்டேன். மாமாவின் மீற்றரை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை, நண்பனின் பேஸ் கிற்றார் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.