எலும்பைத் தோண்டும் செல்லும் அம்மாவின் டிரிப்ஸும்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குப் போய்த்தான் அம்மாவுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். மணிக்கட்டு முறிந்து கட்டுப் பிரித்த கையோடு. இடுப்பெலும்பில் டி ஸ்கோர், அதாவது இளவயதுக்காரரின் எலும்போடு ஒப்பிடும் எண், மைனஸ் 3.1. மைனஸ் 2.5 வந்தாலே எலும்பு மெலிந்து எளிதில் முறியும் எலும்புப்புரைதான். வாரம் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. நெஞ்செரிச்சல்காரியான அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம், 5 மில்லிகிராம்.

"நான் புளி ஜாஸ்தி சேர்த்துக்குவேன் டாக்டர், அதுல எலும்பு கரைஞ்சிருச்சோ?" என்று அம்மா கேட்டார். டாக்டர் சிரிக்காமல் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார். சாப்பிடும் புளிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லையாம். ஆஸ்டியோகிளாஸ்ட் என்று பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல். கவிழ்த்த கிண்ணம் மாதிரி எலும்பில் ஒட்டி, விளிம்பை இறுக்கி அடைத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடையும் தண்ணீரையும் சேர்த்து ஹைட்ரஜன் அயனிகளை உண்டாக்கி, மடிப்பு மடிப்பான சவ்விலுள்ள பம்புகள் வழியே எலும்பின் மேல் இறைக்கும். குளோரைடும் கூடவே இறங்கும். அந்த இடுக்கில் பிஎச் (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 4.5 அளவுக்குக் குறைய, எலும்பின் கால்சியம் பாஸ்பேட் கரைகிறது. மிஞ்சும் கொலாஜன் நாரை கேதெப்சின் கே என்ற நொதி நறுக்கிவிடுகிறது. எல்லோர் உடம்பிலும் நடப்பதுதான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, கட்டுவதைவிடத் தோண்டுவது மிஞ்சிவிடுகிறது.

மருந்தின் வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது போய் எலும்பின் கால்சியத்தில் ஒட்டிக்கொள்கிறது. செல் அமிலம் விட்டுத் தோண்டும்போது மருந்தும் கிளம்பி அதற்குள்ளேயே போய் முடக்கிவிடுகிறது. தோண்டுகிறவனே மருந்தையும் விழுங்குகிறான்!

ஏற்றும் முன் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி பார்க்க வேண்டும். வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அதைச் சரிசெய்யச் சில வாரங்கள் போயின. பல் டாக்டரின் கடிதம் வேண்டும் என்பதை மட்டும் ஆஸ்பத்திரியில் கடைசி நிமிஷத்தில் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். வீண் அலைச்சல், நீங்கள் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மருந்து ஏறியபின் பல் பிடுங்கினால் அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லை எடுத்து, புண் ஆறியபிறகே தேதி வாங்கினோம்.

டிரிப்ஸ் அரை மணியில் முடிந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ராத்திரி காய்ச்சலும் உடம்புவலியும் வந்தன. முன்பே எச்சரித்திருந்ததால் பதறவில்லை, பாராசிட்டமாலோடு மூன்றாம் நாள் எழுந்துவிட்டார். கால்சியம் மாத்திரை தொடர்கிறது. அடுத்த டோஸுக்கு முன் மறுபடி கிரியேட்டினின் பார்க்க வேண்டும். அதைப் பாலக்காட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம்.