மகள் வழியாகப் போன நிலம்

இங்கிலாந்தின் மேற்குப் பகுதியில் ஓர் ஆவணக் காப்பகத்தில் எனக்கு வேலை. 12ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரையிலான நிலப் பத்திரங்களைப் படித்துப் பட்டியல் போட வேண்டும். தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றைத்தான்: அப்பா, அவருக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று மேலே போகும் கொடிவழி. அந்த வரிசையைப் பத்திரங்கள் அவ்வளவு லேசில் தருவதில்லை. நிலம் தகப்பனிடமிருந்து மூத்த மகனுக்குச் சிக்கலில்லாமல் போய்ச் சேர்ந்தால் பத்திரமே தேவைப்படாது. யாராவது விற்க வேண்டும், மடத்துக்குத் தானம் கொடுக்க வேண்டும், பெண்ணைக் கட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இறந்தவரின் மனைவி பங்கு கேட்டு நிற்க வேண்டும். அப்போதுதான் எழுத்து பிறக்கும்.

பத்திரம் என்றால் சின்ன ஆட்டுத்தோல் துண்டு. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதில் நெருக்கி எழுதிய லத்தீன் வரிகள். 'இப்போது இருப்பவர்களும் இனி வருபவர்களும் அறிக' என்று தொடங்கி, யார், யாருக்கு, எந்த நிலத்தை, என்ன வாரத்துக்கு, அதாவது குத்தகைக்கு, கொடுத்தார் என்று சொல்லும். வாரம் எப்போதும் பணம்தான் என்றில்லை. ஒரு ஜோடி கையுறை இருக்கும், கோடையில் ஒரு ரோஜாப்பூ இருக்கும், ஒரு பவுண்டு மிளகு இருக்கும். அந்த மிளகு மலபார்க் கரையிலிருந்து கடல் கடந்து போனது. அந்த வரி வந்தால் சற்று நின்றுவிட்டுத்தான் மேலே படிப்பேன். அடியில் தோல் நாடாவில் மெழுகு முத்திரை தொங்கும். சாதாரண ஆண்களின் முத்திரை பெரும்பாலும் வட்டம். பெண்களுடையது இரு முனையும் கூராக, நீள்வட்டமாக இருக்கும்.

13ஆம் நூற்றாண்டின் கடைசி வரை பெரும்பாலான பத்திரங்களில் தேதி கிடையாது. சாட்சிகளின் பெயரை வைத்துத்தான் காலத்தை நெருங்க வேண்டும். இன்னொரு நல்ல துப்பு 1290ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு முன்பு, நிலத்தை வாங்கியவர் விற்றவருக்கே கீழ்க்குடியாக இருக்க முடிந்தது. அதன் பிறகு மேலே உள்ள பிரபுவுக்குத்தான் நேரடியாகக் கடமைப்பட வேண்டும். ஆகவே 'என்னிடமிருந்தும் என் வாரிசுகளிடமிருந்தும் பெற்று அனுபவிக்க' என்று முழு உரிமை விற்பனையில் எழுதியிருந்தால் அது 1290க்கு முந்தையது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம்.

எனக்கு அதிகம் கைகொடுத்தவை கைம்பெண்கள் எழுதிய பத்திரங்கள். 'என் கைம்மையில், என் சொந்த அதிகாரத்தில்' என்று அவர்கள் அழுத்திச் சொல்வார்கள். காரணம் இருக்கிறது. கணவன் உயிரோடு இருக்கும்வரை மனைவியின் நிலம் அவன் கையில். அவன் அதை விற்றுவிட்டால், அவன் இறந்த பிறகு அவள் வழக்குப் போட்டு மீட்கலாம். கணவன் நிலத்திலும் வழக்கமாக மூன்றில் ஒரு பங்கு அவள் ஆயுள் வரை அவளுக்கு உண்டு. இந்த வில்லங்கத்துக்குப் பயந்துதான் வாங்கியவர்கள் அவளிடமும் தனியாக எழுதி வாங்கினார்கள். அப்படி எழுதும்போது அவள் தன் தகப்பன் பெயர், இறந்த கணவன் பெயர், சில சமயம் மகன் பெயர் வரை சொல்லிவிடுவாள். மூன்று தலைமுறை ஒரே துண்டுத் தோலில் கிடைக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து அரசர் நீதிமன்றத்தில் நிலத்தைக் கைமாற்றினால், நீதிபதிகள் மனைவியைத் தனியே அழைத்துச் சம்மதம் கேட்பார்கள். 1195 முதல் அந்த உடன்பாட்டை ஒரே தோலில் மூன்று படியாக எழுதி, வளைவு நெளிவாக வெட்டி, அடித்துண்டை அரசுக் கருவூலத்தில் வைத்துக்கொண்டார்கள். அந்த அடித்துண்டுகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏராளமாக இருக்கின்றன.

பெண்களைப் பின்தொடராமல் ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதற்கு குளஸ்டர்ஷயரின் பர்க்லி குடும்பத்தைத்தான் நான் காட்டுவேன். பிரிஸ்டல் நகரத்துச் செல்வந்தர் ராபர்ட் ஃபிட்ஸ் ஹார்டிங், பின்னாளில் அரசரான இரண்டாம் ஹென்றியிடமிருந்து பர்க்லி என்ற நிலப்பகுதியைப் பெற்றார். அதை இழந்த பழைய குடும்பத்தோடு பகை வேண்டாம் என்று 1153இல் ஓர் ஒப்பந்தம்: இவர் மகனுக்கு அவர்கள் பெண், அவர்கள் மகனுக்கு இவர் பெண். நம் ஊரில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்போமே, அதேதான்.

அப்புறம் 1349இல் அந்தக் குடும்பத்தின் மூன்றாம் தாமஸ் பிரபு, பர்க்லி கோட்டையும் அதைச் சுற்றியுள்ள மேனர்களும் (பிரபுவின் பண்ணை நிலங்களும்) ஆண்வாரிசு வழியே மட்டும் போகும்படி எழுதி வைத்தார். 1417இல் அவருடைய பேரன் இறந்தபோது மகன் இல்லை, எலிசபெத் என்று ஒரே மகள். வாரிக் பிரபுவின் மனைவியான அவள் ஒரு பக்கம், சித்தப்பா மகன் ஜேம்ஸ் மறுபக்கம். வழக்கு தொடங்கியது. ஜேம்ஸின் மனைவி இசபெல் வழக்குக்காக லண்டனில் இருந்தபடி கணவனுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது: நான் இல்லாமல் சமாதானம் பேசாதீர்கள், பணம் அனுப்புங்கள், இல்லாவிட்டால் குதிரையை அடகு வைத்துவிட்டு நடந்துதான் வீட்டுக்கு வர வேண்டும். எத்தனை உறுதி அந்தப் பெண்ணுக்கு! 1452இல் அவள் குளஸ்டரில் காவலில் இறந்தாள். அடைத்து வைத்தது எலிசபெத்தின் மகள் மார்கரெட். 1470 மார்ச் 20 அன்று நிப்லி கிரீன் என்ற இடத்தில் இசபெலின் மகன் வில்லியமின் ஆட்களும் மார்கரெட்டின் பேரனின் ஆட்களும் மோதினார்கள், பேரன் செத்தான். வழக்கு முழுதாகத் தீர்ந்தது 1609இல்தான்.

இசபெல் நார்ஃபோக் டியூக் மௌப்ரேயின் மகள். 1481இல் மௌப்ரே வம்சத்தின் கடைசிச் சிறுமி இறந்தபோது, அந்தப் பெரும் சொத்தில் பாதிக்கு வில்லியம் வாரிசானார். தாய் வழியில் வந்த உரிமை அது. மகளுக்கு இல்லை என்று சாதித்த குடும்பத்துக்கு அவ்வளவு நிலமும் ஒரு மகள் வழியாகவே வந்தது.

இப்போது எங்கள் பட்டியலில் மனைவியின் பெயருக்கும் அவள் பிறந்த வீட்டுக்கும் தனிப் பத்தி ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். வேலை கூடும், சரி. சாட்சி வரிசையில் பெண்களைப் பார்ப்பது அபூர்வம் என்பதால் ஒவ்வொரு பத்திரத்தையும் முழுக்கப் படித்தே அந்தப் பத்தியை நிரப்ப வேண்டியிருக்கிறது.