ஆற்காட்டுக்காரன் மார்க்கெட் டிரேட்டனுக்குப் போன கதை

65 பவுண்டு! நம் பணத்தில் ஏழாயிரத்துக்கு மேல். காலையில் இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியிலிருந்து மார்க்கெட் டிரேட்டனுக்கு 3 பவுண்டு பஸ்ஸில் வந்த அதே தூரத்துக்கு, மாலையில் டாக்சிக்காரர் வாங்கியது இது. கடைசிப் பஸ் வரவே இல்லை. நிறுத்தத்தில் ஒரு அறிவிப்புகூடக் கிடையாது. ரயிலில் போய்விடலாம் என்றால் இந்த ஊர் ஸ்டேஷனை 1963லேயே மூடிவிட்டார்கள். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஷ்ராப்ஷயரில் இப்படி ஒரு சிற்றூருக்கு ஏன் போனேன்? எனக்குச் சொந்த ஊர் ஆற்காடு. பாலாற்றங்கரை டெல்லி கேட் கோட்டை வாசலைப் பார்த்து வளர்ந்தவன். 1751ல் அங்கே கோட்டையைப் பிடித்து 50 நாள் முற்றுகையைத் தாங்கிய ராபர்ட் கிளைவ் படித்து, ஆட்டம் போட்ட ஊர்தான் மார்க்கெட் டிரேட்டன். பிறந்த வீடான ஸ்டைச் ஹாலும் பக்கத்தில்தான்.

புதன்கிழமை போனால்தான் ஊருக்கு உயிர் இருக்கும், அன்றுதான் சந்தை. 1245ல் மூன்றாம் ஹென்றி மன்னர் கொடுத்த அனுமதி, இன்னும் ஓடுகிறது. காய்கறி, சீஸ், மலிவு செருப்பு, பழைய சாமான். அந்தப் பெருமையை நினைத்துக்கொண்டு போனால் கூட்டம் கொஞ்சம் ஏமாற்றம்தான். நம் ஊர் வாரச்சந்தையில் கால்வாசிகூட இல்லை.

ஆனால் ஜிஞ்சர்பிரெட்! சுக்கு மணக்கும், விரல் நீளத்துக்கு, கடக்கென்று உடையும் பிஸ்கட். இந்த ஊர்க்காரர்கள் அதைப் போர்ட் ஒயினில் தோய்த்துத் தின்பார்களாம். எனக்குக் கிடைத்தது டீ. முதல் கடியில் பல் போய்விடும் என்று பயந்தேன். டீயில் ஒரு முக்கு முக்கியதும் அப்படியே கரைந்து, தொண்டையில் இதமாகக் காரம் இறங்கியது. மக்கன்பேடா இனிப்புக்குப் பேர்போன ஆற்காட்டுக்காரன் சொல்கிறேன், இது வேறு ரகம்! மூன்று பாக்கெட் வாங்கினேன். மதியச் சாப்பாட்டுக் காசு அதில் போய்விட்டது. வருத்தமில்லை.

பட்டர்கிராஸ் என்று தூண்கள் தாங்கும் சின்ன மண்டபம் ஒன்று இருக்கிறது, 1842ல் கட்டியது. கிராமத்துப் பெண்கள் வெண்ணெய், முட்டை விற்ற இடம். அதில் தொங்கும் மணியைப் பார்க்காமல் வராதீர்கள். 1651ல் ஊரின் பெரும்பகுதி தீயில் போயிற்று. மரமும் கூரையுமாக இருந்த வீடுகள், வேறென்ன ஆகும்? மறுபடி தீப்பிடித்தால் அடிக்கத்தான் அந்த மணி. தீக்குப் பிறகு எழுந்த கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகளில் சில இன்னும் நிற்கின்றன.

அப்புறம் செயின்ட் மேரி சர்ச். சின்னப் பையன் கிளைவ் இதன் கோபுரத்தில் ஏறி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கல் பூதத்தின் மேல் உட்கார்ந்து ஊரைக் கதிகலங்க வைத்தானாம். கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன், எனக்கே வயிற்றைக் கலக்கியது. கூட்டம் சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களிடம் மாமூல் வசூலித்தான், தராத கடைக்குள் சாக்கடையைத் திருப்பிவிட்டான் என்றும் கதை உண்டு. நவாபுகளிடம் காட்டிய கைவரிசைக்கு ஒத்திகை இங்கேயே நடந்திருக்கிறது! இப்படிப்பட்டவனைத்தான் 18 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனி குமாஸ்தாவாக மதராசுக்குக் கப்பலேற்றினார்கள்.

மூன்று மைல் தள்ளி மோர்ட்டன் சே கிராமத்து சர்ச்சில் அவன் கல்லறை. டாக்சிக்கு 20 பவுண்டு கேட்டார்கள். நடந்தேன். பாதி வழியில் நடைபாதையே இல்லை, வேலி ஓரம் ஒட்டி ஒட்டித்தான் போக வேண்டும். போய்ப் பார்த்தால், எங்கே புதைத்தார்கள் என்று காட்ட ஒரு கல் கிடையாது. சர்ச்சுக்குள் ஒரு பித்தளைத் தகடு மட்டும், இந்தியாவில் முதல்வன் என்று லத்தீனில். பார்த்துவிட்டுப் பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

இன்ஜினியர் தெல்ஃபோர்ட் வெட்டிய கால்வாயும், அதில் பக்கத்து டைர்லியில் படகுகளை ஏற்றி இறக்கும் ஐந்து மதகுகளும் அழகு என்கிறார்கள். அந்த நடைக்கு அப்புறம் எனக்குக் கால் எழவில்லை.

போகிறவர்கள் திரும்பும் பஸ் நேரத்தை டிரைவரிடமே கேட்டு, கடைசிப் பஸ்ஸுக்கு முந்தியதைப் பிடித்துவிடுங்கள். நான் டாக்சியில் வரும்போதே ஒரு பாக்கெட்டைக் காலி செய்துவிட்டேன். டாக்சிக்காரருக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.