நர்சிங் கல்லூரியில் பணம் கட்டும் முன் எதிரே உள்ள டீக்கடைக்குப் போங்கள்

போன புதன்கிழமை துணைத்தேர்வு முடிவு வந்தது. தேறிவிட்டேன். என்னோடு பி.எஸ்சி. நர்சிங் படித்தவர்கள் எல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பே தேறி, சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு செய்து, வேலைக்கும் போய்விட்டார்கள். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்த படங்களை நான் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நிறுத்தியது ஒரே பாடம், மகப்பேறு செவிலியம். அதிலும் தியரியில் 68 வாங்கியிருந்தேன்; விழுந்தது பிராக்டிகலில். நான் படித்த பழைய பாடத்திட்டத்தில், ஒன்றில் விழுந்தால் இரண்டையும் மறுபடி எழுத வேண்டும் என்பது விதி.

முதல் முறை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தேர்வு ஓர் அரசு மருத்துவமனையின் கர்ப்பிணிகள் வார்டில். எனக்கு ஒதுக்கியவருக்கு எட்டாம் மாதம், இரண்டாவது பிள்ளை. கையைக் கழுவி, துடைத்து, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, வலப்பக்கம் நின்று வயிற்றில் கை வைத்தேன். அந்த அக்கா முகத்தைச் சுளித்தார். வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொன்னாயா?" என்றார். சொல்லவில்லை. அதோடு போயிருந்தாலும் தப்பித்திருப்பேன். அடுத்து, குழந்தையின் முதுகு எந்தப் பக்கம் என்று தடவிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் என்றேன். சிசுவின் இதயத் துடிப்பைக் கேட்கும் ஃபீட்டோஸ்கோப்பை அங்கேயே வைத்துக் காதை அழுத்தினேன். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டதாகத் தலையாட்டி, "140, மேடம்" என்றேன். அவர் திட்டவில்லை. கருவியை எடுத்து இடப்பக்கம், தொப்புளுக்குக் கீழே வைத்து, "இப்போது கேள்" என்றார். தலையணைக்கு அடியில் கைக்கடிகாரம் ஓடுவதைப் போல இருக்கும் என்று புத்தகத்தில் படித்து மனப்பாடம் செய்திருந்தேன். அப்படியேதான் இருந்தது. நான்கு வருடப் படிப்பில் ஒரு சிசுவின் இதயத் துடிப்பை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன், தேர்வு அறையில்.

என் கேஸ் புக்கில் அப்போது 20 சுகப்பிரசவம் பார்த்ததாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கியிருந்தேன். எங்கள் பழைய பாடத்திட்டத்தில் அந்த எண்ணிக்கை கட்டாயம். உண்மையில் கையுறை போட்டுக்கொண்டு நான் பார்த்தது மூன்று. மற்ற 17 அக்காமார்களின் பெயர், வயது, குழந்தையின் எடை எல்லாம் சீனியர் கொடுத்த நோட்டிலிருந்து வந்தவை. வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் எழுதினோம். அவர்கள் தேறினார்கள், நான் மாட்டினேன் என்பது வேறு விஷயம். எழுதியது என் கைதான் என்பதையும் மறைக்கவில்லை.

தவறு ஆரம்பித்தது நான்காம் வருடத்தில் இல்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுத்த அன்றே. என் கட் ஆஃப் 164. அரசு நர்சிங் கல்லூரிக்கு எட்டவில்லை. கவுன்சலிங்கில் தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இருந்தன. அப்பாவுக்கு விசைத்தறி வேலை, லீவு கிடைக்காது. சித்தப்பாதான் கூட வந்தார். இரண்டு கல்லூரிகளைப் பார்த்தோம். ஒன்று பழைய கட்டடம், மாடிப்படி ஓரத்தில் வெற்றிலைக் கறை, வாசலில் ஆட்டோக்களும் கூட்டமும். இன்னொன்றில் ஏசி வகுப்பறை, கண்ணாடிக் கதவு, கண் திறந்து மூடும் பொம்மை நோயாளி வைத்த பயிற்சிக் கூடம். பின்னால் 300 படுக்கை மருத்துவமனை என்றார்கள். சித்தப்பா அந்தப் பொம்மையின் நாடியைப் பிடித்துப் பார்த்து அசந்துபோனார். "எவ்வளவு அமைதியாக இருக்கிறது பார், படிக்க நல்ல இடம்" என்றார். ஆஸ்பத்திரி ஏன் அமைதியாக இருக்கிறது என்று எங்கள் இருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சேர்ந்த பிறகு தெரிந்தது. 300 கட்டில் இருந்தது, ஆள் இல்லை. இன்ஸ்பெக்ஷன் வரும் நாளில் மட்டும் நிரம்பிவிடும். முதலாம் ஆண்டில் நானே ஒரு முறை நோயாளியாகப் படுத்திருக்கிறேன். கையில் குளுக்கோஸ் ஏற்றப் பொருத்தும் வென்ஃப்ளானை ஊசியில்லாமல் பிளாஸ்டரால் ஒட்டி, தலைமாட்டு அட்டையில் டைஃபாய்டு என்று எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கட்டிலில் விடுதிச் சமையல்காரரின் மாமியார். அவருக்கு நிஜமாகவே சர்க்கரை வியாதி இருந்தது. அன்று அவரை யாரும் சோதிக்கவில்லை.

பிறகு போஸ்டிங்குக்கு, அதாவது வார்டுப் பயிற்சிக்கு, எங்களை 40 கிலோமீட்டர் தள்ளியிருந்த அரசு மருத்துவமனைக்குக் கல்லூரி பஸ்ஸில் அழைத்துப் போனார்கள். அங்கே ஏற்கெனவே வேறு மூன்று கல்லூரிகளின் பிள்ளைகள். ஒரு தாயைச் சுற்றி 20 பேர் நின்றால் என்ன தெரியும்? முன்னால் நிற்பவளின் கொண்டை தெரியும். வகுப்பில் இருந்த ஆறு பையன்கள் நிலைமை இன்னும் மோசம், லேபர் வார்டு வாசலோடு சரி. மூன்று மணிக்கு பஸ் திரும்பிவிடும். எனக்குத் தெரிந்து பிள்ளைகள் நம் போஸ்டிங் நேரம் பார்த்துப் பிறப்பதில்லை. இரவுப் பணி கிடையவே கிடையாது.

ஆகவே என் அறிவுரையில் முக்கால் பங்கு இதுதான்: அந்தக் கல்லூரி மாணவிகள் உண்மையில் எங்கே, எத்தனை பிரசவம் பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுபிடியுங்கள். கட்டணம், விடுதி, தேர்ச்சி விகிதம் எல்லாம் பிறகு. நான் கையால் செய்து பார்த்தால்தான் கற்றுக்கொள்ளும் ரகம். புத்தகம் படித்தே புரிந்துகொள்பவர்களுக்கு இது மிகையாகப் படலாம். படட்டும்.

லேபர் வார்டைப் பிடித்துக்கொண்டு தொங்குவதற்குக் காரணம் உண்டு. கட்டுப் போடுவது, ஊசி போடுவது எல்லாம் வேலைக்குப் போன இடத்தில் கற்றுக்கொள்ளலாம். நமக்குக் கிடைப்பது ஆர்.என். (பதிவு பெற்ற செவிலியர்) மட்டும் இல்லை, ஆர்.எம்.மும் (பதிவு பெற்ற பேறுகாலச் செவிலியர்) சேர்த்து. அந்த இரண்டாவது பட்டத்துக்கு நீங்கள் தகுதியா என்பது படிக்கும் காலத்திலேயே தெரிந்துவிட வேண்டும். தவிர, பிரசவம் நிறைய நடக்கும் மருத்துவமனையில் பெரும்பாலும் குழந்தைகள் பிரிவு இருக்கும், அறுவை அரங்கு இருக்கும், ரத்தம் ஏற்றுவதைப் பார்க்கலாம். அது ஒன்று ஓடினால் மற்றவையும் ஓடுகின்றன என்று அர்த்தம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். காலை ஆறரைக்கு மருத்துவமனை வாசலில் இருங்கள். பிளாஸ்க்கோடு வெந்நீருக்கும் காபிக்கும் வரும் மாமியார்கள், தூக்கமில்லாத கணவன்மார்கள் கண்ணில் படுகிறார்களா?
- எதிரே டீக்கடை இருக்கிறதா? கூட்டமில்லாத ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடை நிலைக்காது. எங்கள் கல்லூரிக்கு எதிரே புளியமரம்தான் இருந்தது.
- மருந்துக்கடையில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். பிள்ளைக்கான கொசுவலை, வெள்ளைத் துணி, சின்ன பிளாஸ்டிக் தொட்டி விற்கிறார்கள் என்றால் அங்கே பிள்ளை பிறக்கிறது.
- முதல்வரிடம் கேட்காதீர்கள். மூன்றாம் ஆண்டு மாணவியைத் தனியாகப் பிடித்து, "அக்கா, நீங்கள் நிஜமாக எத்தனை பார்த்தீர்கள்?" என்று கேளுங்கள். அப்பா பக்கத்தில் நின்றால் அவள் சொல்ல மாட்டாள்.
- வெளி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள் என்றால் எது, எத்தனை கிலோமீட்டர், இரவுப் பணி உண்டா, வேறு எந்தெந்தக் கல்லூரிகள் அங்கே வருகின்றன. சீமாங் மையம் (தாய்க்கும் பிறந்த குழந்தைக்கும் அவசரச் சிகிச்சை தரும் பிரிவு) உள்ள அரசு மருத்துவமனை என்றால் நல்லது.
- இடையில் விலகினால் அசல் சான்றிதழைத் திருப்பித் தருவார்களா? எழுத்தில் கேளுங்கள்.

கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பற்றித் தனியாக எழுதவில்லை. இந்திய நர்சிங் கவுன்சில், தமிழ்நாடு செவிலியர் கவுன்சில், எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் மூன்றையும் சரிபாருங்கள். எங்கள் கல்லூரிக்கு மூன்றும் இருந்தன! காகிதம் சரியாக இருந்தும் கட்டில் காலியாக இருக்கலாம்.

இனி, பி.எஸ்சி.யா, ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோவா என்ற கேள்வி. இதில் எனக்கும் என் அத்தைக்கும் பெரிய வாக்குவாதமே நடந்தது. டிப்ளமோ என்றால் கல்யாணச் சந்தையில் மதிப்பில்லை என்பது அவர் கட்சி. ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்சி. நான்கு. முடித்தபின் இரண்டுக்கும் பதிவு ஒன்றுதான். பிறகு இரண்டு வருடம் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்தால் ஜி.என்.எம். படித்தவருக்கும் பட்டம் வந்துவிடும். காலியான தனியார் கல்லூரியில் பி.எஸ்சி.யா, அரசு நர்சிங் பள்ளியில் ஜி.என்.எம்.மா என்று என்னை இன்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைச் சொல்வேன். அரசுப் பள்ளிப் பிள்ளைகளை அந்த வார்டில் பார்த்திருக்கிறேன். எங்களுக்குக் கை நடுங்கும் இடத்தில் அவர்கள் நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. எய்ம்ஸ் வேலைக்கான நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்தவர் நேராக எழுதலாம், ஜி.என்.எம். முடித்தவர் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். பையன்களுக்கு இன்னொன்று: அந்தத் தேர்வில் எய்ம்ஸ் இடங்களில் 80 சதவீதத்தைப் பெண்களுக்கு ஒதுக்கி வந்திருக்கிறார்கள். தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஏ.என்.எம். என்பது துணைச் செவிலியருக்கான வேறு படிப்பு, அதை முடித்தால் ஆர்.என். ஆக முடியாது. ஒரு வருடத்தில் நர்ஸ் ஆகலாம் என்று பஸ் ஸ்டாண்டு மாடியில் போர்டு வைத்திருக்கும் இடங்களில் வாங்கும் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாது. எங்கள் தெருவில் இரண்டு பெண்கள் அப்படிப் படித்துவிட்டுத் தனியார் கிளினிக்கில் வெள்ளைக் கோட்டு போட்டு நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அந்த போர்டு வைத்தவர்மேல்தான் கோபம்.

புரோக்கர்கள் பற்றி இரண்டே வரி. பிளஸ் டூ முடிவு வந்த மறுநாளே போன் வரும். பெங்களூரில் இடம், விடுதி இலவசம் என்பார்கள். வேறு மாநிலத்தில் படித்துப் பதிவு செய்தால் இங்கே வந்து மறுபடி பதிவை மாற்ற வேண்டும். அந்த அலைச்சலை அவர் சொல்ல மாட்டார்.

நீட் மதிப்பெண் ஓரளவு இருந்தால் புதுச்சேரி ஜிப்மரை விடாதீர்கள். அங்கே பி.எஸ்சி. நர்சிங்குக்கு அந்த மதிப்பெண்தான். ராணுவச் செவிலியர் பணிக்கான பி.எஸ்சி.க்கும் நீட் தேவை. நான் நீட் எழுதவே இல்லை, டாக்டர் ஆகப்போவதில்லை என்று. அது இரண்டாவது முட்டாள்தனம்.

வெளிநாடு போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு: அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்கும்போது பொது மருத்துவம், மகப்பேறு, குழந்தைகள், மனநலம் என்று ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை மணி நேரம் படித்தீர்கள், எத்தனை மணி நேரம் வார்டில் நின்றீர்கள் என்று கல்லூரியிடமிருந்தே கேட்டு வாங்குவார்கள். பத்து வருடம் கழித்துக் கேட்டாலும் அந்தப் பதிவேட்டை எடுத்துக் கொடுக்கும் அலுவலகமா என்று பாருங்கள்.

தோற்ற பிறகு என்ன செய்தேன் என்று கேட்பவர்களுக்கு. கல்லூரி ஒருங்கிணைப்பாளரிடம் அழுது, கெஞ்சி, அடுத்த அணியோடு அதே அரசு மருத்துவமனைக்கு இரவுப் பணி கேட்டு வாங்கினேன். பஸ் கிடையாது, சொந்தச் செலவில் டிக்கெட். இரவு பத்து மணிக்கு மேல் அந்த வார்டில் மாணவி என்று நான் ஒருத்திதான். பொறுப்பு சிஸ்டர் முதல் வாரம் என்னைத் துணி மடிக்க விட்டார். இரண்டாவது வாரம், வலி எடுத்து வந்த ஒரு பெண்ணின் வயிற்றில் என் கையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்தி, "இது முதுகு, வழவழவென்று பலகை மாதிரி. இது கை கால், முடிச்சு முடிச்சாக இருக்கிறதா? இனி மறக்குமா?" என்றார். அவ்வளவுதான், இரண்டு நிமிடம். இரண்டு மாதத்தில் 11 பிரசவம் பார்த்தேன். அந்த 11க்கும் தனி நோட்டு போட்டு எழுதியிருக்கிறேன்.

இந்த வருடம் என் சித்தி மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட் ஆஃப் என்னுடையதைவிட நான்கு கூடுதல். மூன்று கல்லூரிகளின் பெயரை எழுதி வைத்திருக்கிறாள். அதில் ஒன்று எனக்குச் சித்தப்பா பார்த்த அந்தக் கண்ணாடிக் கதவுக் கல்லூரி. அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். மற்ற இரண்டையும் பார்க்க நாளை அதிகாலை நாலே முக்கால் பஸ்ஸில் கிளம்புகிறோம். சித்தப்பாவும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.