மக்காச்சோள லாரியின் பின் பம்பர்

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "லாரிக்காரன் தூங்கிட்டானா?" என்றுதான். தூங்கவில்லை. லாரி ஓடவே இல்லை. நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் நாங்கள்தான் மோதினோம். இதைச் சொன்னதும் கேட்டவர்களின் பார்வை மெல்ல என் கணவர் பக்கம் திரும்பும். சரி, நடந்ததை ஒரு தடவை முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

2022 டிசம்பர். விழுப்புரத்தில் ஒரு நிச்சயதார்த்தத்தை முடித்துக்கொண்டு இரவோடு இரவாக நாமக்கல் திரும்பிக்கொண்டிருந்தோம். கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில், அப்பா பின்சீட்டில் இடதுபக்கம். உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் போகும் என்.எச். 79-இல் போய்வந்தவர்களுக்கு அதன் குணம் தெரியும். நான்குவழிச் சாலையாக ஜோராகப் போய்க்கொண்டிருக்கும். ஊர் நெருங்கி பைபாஸ் தொடங்கியதும் இருவழியாகச் சுருங்கிவிடும். தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர், வாழப்பாடி என்று அப்போது ஊருக்கு ஊர் இதே கதைதான். நான்குவழியில் நடுவே மீடியனும் அரளிச் செடியும் இருக்கும். அரளி அழகுக்கு மட்டும் வைத்ததில்லை, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் மறைக்கவும்தான். பைபாஸில் மீடியனும் கிடையாது, அரளியும் கிடையாது. எதிரே வரும் ஆம்னி பஸ் ஹைபீமில் வந்தால் சில நொடிகளுக்கு முன்னால் இருப்பது எதுவும் தெரியாது.

அப்படிக் கண் தெரியாத சில நொடிகளில்தான் எங்கள் முன்னால் அந்த லாரி நின்றுகொண்டிருந்தது. மக்காச்சோள மூட்டை ஏற்றி நாமக்கல் கோழித்தீவன ஆலைக்குப் போகிற வண்டி. பின் டயர் வெடித்திருக்கிறது. ஓரம் கட்ட அங்கே ஓரமே இல்லாததால் பாதி வண்டி சாலை மேலேயே நின்றது. பின்விளக்கு ஒன்று எரியவில்லை, இன்னொன்று சேறு பூசியிருந்தது. சிவப்பு ரிஃப்ளெக்டர் பட்டையைத் தொங்கிய தார்ப்பாய் மூடியிருந்தது. கிளீனர் பையன் ரெண்டு கல்லும் வேப்பங்கிளையும் வைத்திருந்தான், லாரிக்குப் பத்தடி பின்னால். எண்பதில் வருகிற காருக்குப் பத்தடி எதற்கு ஆகும்?

கணவர் பிரேக்கை அழுத்தியபடி வலதுபக்கம் ஒடித்தார். எதிரே பஸ். உடனே இடதுபக்கம் திருப்பினார். அவ்வளவுதான். சத்தத்தைவிட எனக்கு நினைவிருப்பது வாசனை: ஏர்பேக் வெடித்து, தீபாவளி விடியற்காலைப் புகை மாதிரி ஒரு நெடி. வெள்ளையாகத் தூள். ஹாரன் மாட்டிக்கொண்டு அலறியது. விரிந்து நொறுங்கிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், லாரியில் சரக்கு ஏற்றும் தட்டு. அதிலிருந்து கிழிந்த மூட்டைச் சோளம் சரசரவென்று பானட்டில் கொட்டிக்கொண்டிருந்தது.

லாரியின் தட்டு ஏறக்குறைய நம் மார்பு உயரத்தில் இருக்கும். காரின் பானட் அதைவிடத் தணிவு. அதனால் பின்னால் மோதும் கார் லாரிக்கு அடியில் புகுந்துவிடும். காரின் முன்பக்கம் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அடியில் புகுந்தால் முன்பக்கத்தில் எதுவுமே படாது. தட்டின் விளிம்பு நேராகக் கண்ணாடிக்கு, அப்புறம் தலைக்கு. ஏர்பேக்கால் அங்கே ஒன்றும் ஆகாது. இதைத் தடுக்கத்தான் லாரிக்குப் பின்னால், தரையிலிருந்து 55 செ.மீ.க்கு மேல் போகாமல், குறுக்கே கனமான இரும்பு வைக்க வேண்டும் என்பது விதி. ஐ.எஸ். 14812 என்று அதற்கு ஒரு தரமே இருக்கிறது. அந்த இரும்பில்தான் எங்கள் கார் முட்டி நின்றது. வளைந்தது, ஆனால் விடவில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். இப்போது தம்பி நடத்துகிறான். மோதிய சிறிது நேரத்தில், இடது காறையெலும்பு உடைந்த கையை மார்போடு பிடித்துக்கொண்டு, அப்பா காரிலிருந்து இறங்கி நேராக லாரியின் பின்பக்கம் போய்விட்டார். செல்போன் வெளிச்சத்தில் குனிந்து வெல்டிங்கைப் பார்த்தார். "மாமா, உட்காருங்க" என்று கணவர் கத்துகிறார். அப்பா என்னிடம் திரும்பி, "கண்ணு, இது நம்மூரு வேலை இல்லை. ஆனா நல்ல வேலை" என்றார். நாமக்கல்காரர் வாயில் இது வருவது சாமானியமில்லை.

காறையெலும்பை உடைத்தது சீட் பெல்ட்தான். அந்தச் செப்டம்பரில் பால்கர் அருகே சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்தார் என்று பேப்பரில் வந்தது. அன்றிலிருந்து பின்சீட்டில் உட்காருகிறவர்களையும் நான் விடுவதில்லை. அப்பா வழியெல்லாம் "கழுத்தை அறுக்குது" என்று முனகிக்கொண்டே வந்தார். எனக்கு விலா எலும்பில் விரிசல், கணவருக்கு முழங்காலில் தையல்.

108-க்குப் போன் செய்தது அந்த லாரி டிரைவர். கிளீனர் பையன் என் கைப்பையைத் தேடி எடுத்துக் கொடுத்து, "அக்கா, செயின் எல்லாம் இருக்கான்னு பாத்துக்குங்க" என்றான். அரசு மருத்துவமனையில் டியூட்டி டாக்டர் என் வயிற்றில் பெல்ட் பதிந்த நீலத் தடத்தைப் பார்த்துவிட்டு, வலி இல்லை என்று நான் சொல்லியும் கேட்காமல் ஸ்கேனுக்கு அனுப்பினார். பெல்ட் தடம் இருந்தால் உள்ளே குடல் கிழிந்திருக்கலாமாம், அது உடனே தெரியாதாம். எனக்கு ஒன்றுமில்லை. பணம் கேட்கவில்லை. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அப்போது ஒரு லட்சம் வரை. தனியார் மருத்துவமனைகளும் இதில் உண்டு என்பது பலருக்குத் தெரியவில்லை, அதனால் சொல்கிறேன்.

ஸ்டேஷன், எஃப்.ஐ.ஆர்., பிரேக் இன்ஸ்பெக்டர் இரண்டு வண்டியையும் பார்த்துக் கொடுத்த ரிப்போர்ட், இன்சூரன்ஸ்காரர்கள் காரை 'டோட்டல் லாஸ்' என்றது, இதையெல்லாம் விவரிக்கப் பொறுமை இல்லை. பின்னால் மோதியவன் மேல்தான் தப்பு என்று எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். ஆபத்தான இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் 122-ஆம் பிரிவு இருப்பதும் தெரிந்திருந்தால் நல்லது. ஆனால் எனக்கு அந்த டிரைவர் மேல் கோபம் வரவில்லை. டயர் மாற்றும் ஆள் வரும்வரை அவர் அந்தச் சாலையில் வேறு எங்கே நிறுத்தியிருப்பார்? பின்விளக்கைத் துடைக்காமல் விட்டது மட்டும் தப்பு.

இப்போது லாரிக்குப் பின்னால் போகும்போதெல்லாம் என் கண் அந்த இரும்பைத்தான் தேடுகிறது. சிலவற்றில் இல்லவே இல்லை. சிலவற்றில் இடுப்பு உயரத்தில், அலங்காரத்துக்கு. எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) வாங்கக் காட்டும்போது மாட்டிவிட்டு அப்புறம் கழற்றிவிடுகிறார்கள் என்று தம்பியே சொல்கிறான்.

போன மாதம் பட்டறைக்கு ஒரு லாரி முதலாளி வந்தார். காட்டுக்குள் லோடு ஏற்றப் போனால் பின் பம்பர் வரப்பில் இடிக்கிறது, முக்கால் அடி தூக்கி வெல்டிங் வைக்க வேண்டும் என்றார். தம்பி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்து, "இடிச்சா வளையட்டும். வளைஞ்சா கொண்டாங்க, நிமித்தித் தரோம், காசு வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். முதலாளி போனதும் தம்பி கத்தியிருக்கிறான், "தூக்க மாட்டோம்னு சொன்னது சரிங்கப்பா, காசு வேண்டாம்னு எதுக்குச் சொன்னீங்க?" அந்தப் பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. அந்த லாரி அதற்குள் ரெண்டு தடவை வந்துவிட்டது.