டக் சத்தமும் கச்சான் காற்றும்

2025 ஜூலை 18, வெள்ளி

காலையில் கோல்ஃப் வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. பெடலை மிதித்தால் சீட்டுக்கு அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விடுதியில் ஓடுவது பெட்ரோல் வண்டி, யாரோ ஓட்டி முடித்து விற்றது. மெயின் ரோட்டிலிருந்து கடலோர அறைகள் வரை மணலில் பெட்டிகளைச் சுமக்க இதை விட்டால் என் தோள்தான்.

வியாழக்கிழமை ஆடி அமாவாசை. ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காதவர்கள் மண்டபம் பக்கம் வருவார்கள். ஆறு அறையும் புக்கிங். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "பேட்டரி போயிருச்சுப்பா" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஜூலை 19, சனி

பழைய பேட்டரியில் மீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. நல்ல பேட்டரி 12.6 காட்டும், ஆக இதில் பெரிய குறை இல்லை. பெடலை மிதித்தபடி பார்த்தேன், 12.4. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேட்டரி செத்திருந்தால் மிதித்ததும் 9, 8 என்று சரியும். சரியவே இல்லை என்றால் மோட்டாருக்குக் கரண்டே போகவில்லை என்று அர்த்தம். ஆனால் அதற்குள் முதலாளி ராமநாதபுரத்திலிருந்து புதுப் பேட்டரியை ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டார். மாட்டினோம். டக்.

அவர் என்னைப் பார்த்தார், நான் கடலைப் பார்த்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, பேய் மாதிரி அடிக்கிறது. தென்கடல் பொங்கிக் கிடக்கிறது, வடகடல் குளம் போல. எங்கள் விடுதி தென்கடல் பக்கம், உப்புச் சாரல் வாசல் வரை வரும். சைக்கிள் செயின் வாரம் ஒருமுறை துருப்பிடிக்கும் ஊர்.

இந்த வண்டியின் வேலை எளிது. சாவியைத் திருகிப் பெடலை மிதித்தால் பெடலுக்குக் கீழே உள்ள சின்ன சுவிட்ச், சொலினாய்டு என்கிற காந்த சுவிட்சை 'டக்' என்று இழுக்கும். சொலினாய்டு பேட்டரிக் கரண்டை ஸ்டார்ட்டருக்கு விடும். ஸ்டார்ட்டர் பெல்ட் வழியாக எஞ்சினைச் சுற்றும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதே ஸ்டார்ட்டர் டைனமோவாக மாறி பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும். பெடலை விட்டால் எஞ்சினும் நின்றுவிடும்.

பின்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டுத் தேடினேன். சொலினாய்டின் சின்ன முனையில் டெஸ்ட் லாம்ப் எரிந்தது, அதனால் சாவியும் பெடல் சுவிட்சும் தப்பித்தன. பெரிய இரண்டு முனைகளுக்கு நடுவே மீட்டர் வைத்தேன். மிதிக்கும் முன் 12 சொச்சம், மிதித்ததும் 0.1. அதாவது உள்ளே காண்டாக்ட் ஒழுங்காக ஒட்டுகிறது. முந்தின இரவே ஒரு புது சொலினாய்டுக்குச் சொல்லி வைத்திருந்தேன். காலையில் வேண்டாம் என்றேன்.

ஜூலை 21, திங்கள்

கீழக்கரை காக்கா ஒருவர், முப்பது வருடம் விசைப்படகு எஞ்சின் பார்த்தவர், வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தார். டீ கொடுத்துக் கதையைச் சொன்னேன். வண்டியைத் தொடக்கூட இல்லை.

"எர்த்தைப் பாத்தியா தம்பி?"

"லைட்டெல்லாம் பளிச்சுன்னு எரியுதே காக்கா."

"லைட்டுக்கு எம்புட்டுக் கரண்டு வேணும்? செல்ஃபுக்கு எம்புட்டு வேணும்?"

மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் கம்பத்திலும், சிவப்பு முனையை ஸ்டார்ட்டர் உடம்பிலும் வைக்கச் சொன்னார். மிதித்தேன். 10.8! அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டிய இடம். எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குக் கரண்டைத் திருப்பிக் கொண்டுவரும் எர்த், அந்த ஒரு கறுப்பு கேபிள், பேட்டரியின் பலம் முழுவதையும் விழுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸ் வழியாக எர்த் கிடைக்காது. சொலினாய்டுக்கும் லைட்டுக்கும் தனி ஒயர், அதனால்தான் டக் மட்டும் வந்தது.

ஜம்பர் கேபிளை நெகட்டிவிலிருந்து நேராக எஞ்சினுக்குக் கொடுத்தோம். ஒரே மிதியில் எடுத்தது.

கேபிளைக் கழற்றினேன். வெளியே பார்க்கக் கறுப்பாக, நல்லபடியாகத்தான் இருந்தது. கேபிள் முனையில் போல்ட் மாட்டும் வளையமான லக் அருகே கத்தியால் கீறினால் உள்ளே செம்பு இல்லை. பச்சைப் பொடிதான் இருந்தது. ஒரு சாண் தூரம் வரை இழைகள் விரலில் உதிர்ந்தன. லக் முனையில் ஏறிய உப்பு ஈரம் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி உள்ளுக்குள்ளேயே ஏறியிருக்கிறது. மூன்று நாளாக அந்த லக்கை உப்புத்தாளால் தேய்த்து மினுக்கியது நான்தான்.

ஜூலை 22, செவ்வாய்

25 சதுர மில்லி செம்பு கேபிள் வாங்கி, லக்கை கிரிம்ப் செய்து, வாயில் ஈயம் ஓட்டி, மேலே ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டேன். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கியபின் கிரீஸ் தடவினேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.2, சார்ஜும் ஏறுகிறது. பாசிட்டிவ் கேபிளையும் கீறிப் பார்த்தேன், பிழைத்திருக்கிறது.

புதுப் பேட்டரியைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். முதலாளி அதை ஜெனரேட்டர் அறையில் வைத்திருக்கிறார். நான் எதுவும் பேசவில்லை.

ஜூலை 24, வியாழன்

விடியற்காலை மூன்று மணியிலிருந்து அக்னி தீர்த்தத்துக்குக் கிளம்புகிறவர்களை ரோட்டில் கொண்டுபோய் விட்டேன். பதினோரு நடை. அதில் இரண்டு தடவை டக் கூட வரவில்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்ததும் எடுத்துக்கொண்டது. சத்தமே இல்லையென்றால் இது வேறு கோளாறு. பெடல் சுவிட்ச்தான், அதிலும் மணலும் உப்பும் போயிருக்கும். கூட்டம் வடிந்ததும் நாளை கழற்ற வேண்டும்.